வெள்ளை வண்டியில் விழுந்த சுழிகள்

இன்று பட்டறைக்கு ஒரு வெள்ளை வண்டி வந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, பானெட்டின் மேல் படிந்திருந்த பழைய மெழுகைத் துடைத்தெடுத்தேன். மண்ணெண்ணெயும் மெழுகும் கலந்த அந்த வாடை மேலே ஏறியதும் துணியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். நீ இறந்து ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் கறுப்பு வண்டிகளும் பச்சை வண்டிகளும் நிறைய வந்துபோயின. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளை இன்றுதான் வந்தது.

வண்டியின் சொந்தக்காரர் மாம்பலத்தில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர். பானெட்டில் சுழிச் சுழியாக விழுந்திருந்த கீறல்களை வெயிலில் குனிந்து பார்த்துவிட்டு, "எவன் பண்ணின வேலை இது? என் டிரைவர்தானே?" என்று கேட்டார். டிரைவர் அவருக்குப் பின்னால் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெருத் தூசிங்க. காத்துல வர்ற மணல் அப்படித்தான் பண்ணும்" என்றேன்.

காற்றில் வரும் மணல் வட்ட வட்டமாகக் கீறாது என்று எனக்குத் தெரியும். பொய்தான் சொன்னேன். இப்படிச் சொல்ல நான் கற்றுக்கொண்டது உன்னால். ஆனால் உனக்கு உதவும் காலத்தில் கற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் பட்டறையை மூடியதும் வீட்டுக்குப் போகாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ கடலில் சாகவில்லை. ஊரூர்க் குப்பத்து ஆள் என்றதும் கேட்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் முடிவு கட்டிவிடுகிறார்கள். நீ காய்ச்சலில் செத்தாய். கடல் கடைசிவரை உன்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதற்குள் இறங்காமல் இருப்பதற்காக நீ பட்ட பாடு அத்தனையும் வீணாயிற்று. வீணாக்கியதில் எனக்குப் பங்கு உண்டு.

பதினேழு வயதில் உன் கட்டுமரம் கவிழ்ந்த கதையை நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய், ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே. "ஒரு பகலு ஒரு ராவு மரத்தைக் கட்டிப் புடிச்சிக்கினு கெடந்தேன் நைனா. கரை கண்ணுக்குத் தெரியுது, கிட்ட வர மாட்டேங்குது. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். தண்ணின்னா இனிமே வாளியில இருந்தா போதும்."

குப்பத்தில் உன்னைச் சும்மா விடவில்லை. "இன்னாடா, வாளியில மீனு கீதா?" என்று கேட்பார்கள். நீ காதில் போட்டுக்கொள்ளாமல் மைலாப்பூருக்கு நடந்து வந்து வண்டிகளைக் கழுவினாய். கழுவின வண்டிகளை நகர்த்தி நிறுத்தப் பழகினாய். பிறகு ஓட்டப் பழகினாய். லைசென்ஸ் எடுத்தாய். லஸ் பக்கத்தில் ஒரு வக்கீல் பங்களாவில் டிரைவர் வேலை கிடைத்தது. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் நீயும் உன் மனைவியும். அந்த அறையின் சன்னலைத் திறந்தால் தென்னை மரம்தான் தெரியும், கடல் தெரியாது என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாய்.

வக்கீலின் வண்டி வெள்ளை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து வாங்கியது. அந்தத் தெருவில் நின்ற மற்ற மோட்டார்கள் எல்லாம் கறுப்பு. கோவில் பக்கம் அது போனால் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். நீ அதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாலிஷ் போட எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருவாய். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது பாரம் வரை படித்துவிட்டுக் கையில் பாலிஷ் துணியோடு நின்றுகொண்டிருந்த என்னோடு நீ சிநேகமானது அங்கேதான். எனக்கு எல்லாவற்றின் மேலும் கோபம். உனக்கு எதன் மேலும் கோபம் கிடையாது. அதனால் எனக்கு உன் மேலும் கோபம் வரும்.

அந்தப் புதன்கிழமை நீ வந்தபோது வண்டி வரவில்லை. நடந்து வந்தாய்.

"நைனா, வண்டில இன்னாமோ கீதாம். எனக்குத் தெரியல. எஜமான் ரொம்பக் கோவமா கீறாரு. நீ கொஞ்சம் வந்து பாரு."

கோர்ட் வாசலில் சாயங்கால வெயிலில் வண்டி நின்றிருக்கிறது. உடன் வேலை பார்க்கும் இன்னொரு வக்கீல் அதைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும், "ஓய், உம்ம வண்டில சிலந்தி குடும்பம் நடத்தறதோ?" என்று கேட்டிருக்கிறார். உன் எஜமான் குனிந்து பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி நூல் நூலாக வட்டங்கள். வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கூப்பிட்டு, "என்ன பண்ணினேன்னு கண்டுபிடிச்சு சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா அறையைக் காலி பண்ணு" என்று சொல்லிவிட்டார்.

உன்னோடு நடந்து வந்து பார்த்தேன். உச்சி வெயில். ஒன்றும் தெரியவில்லை. கறுப்பு வண்டியில் சுழி விழுந்தால் பத்தடி தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை அப்படியல்ல, எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுச் சாதுவாக நிற்கும். நேராகப் பார்த்தால் பால் போல இருக்கும். நீ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னனே, ஒண்ணுமே இல்ல" என்றாய். உன் குரலில் நம்பிக்கை இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வண்டி முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னேன். மண்ணெண்ணெயால் மெழுகை எடுத்தேன். மெழுகு இருக்கும் வரை அது கீறலுக்குள் புகுந்து நிரவிக்கொண்டிருக்கும். எடுத்தால்தான் உள்ளது தெரியும். பிறகு நான்கு மணிக்காகக் காத்திருந்தோம்.

வெயில் சாய்ந்ததும் வண்டியைத் திருப்பி மேற்கே பார்க்க நிறுத்தினாய். தரையில் குந்தி உட்கார்ந்து பானெட்டை ஒட்டிக் கண்ணை வைத்தோம், தலைகள் முட்டிக்கொள்ள. இப்போது தெரிந்தது. சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றி, சாம்பல் நிற மயிர் போல, வட்டத்துக்குள் வட்டம். தலையை நகர்த்தினால் வட்டங்களும் கூடவே நகர்ந்தன.

"அய்யோ" என்றாய், மெதுவாக.

நான் வண்டியைச் சுற்றி வந்தேன். கூரையில் ஒன்றும் இல்லை. பின்பக்கத்தில் இல்லை. நீ தினமும் துடைக்கிற இடங்கள் அவை. அங்கே இருந்ததெல்லாம் நீளவாக்கில் ஓடிய இரண்டு மூன்று மெல்லிய கோடுகள்தான், ஏனென்றால் கட்டுமரத்தைக் கழுவுவது போல நீ எப்போதும் முன்னிருந்து பின்னுக்கு ஒரே இழுப்பாக இழுப்பாய். உன் கைக்கு வட்டம் போட வராது. சுழிகள் இருந்தது பானெட்டில், டிரைவர் பக்கத்துக் கதவில், கைப்பிடியைச் சுற்றி, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற நீ கை ஊன்றுகிற இடத்தில். உன் கை அதிகமாகப் படுகிற இடங்களில் மட்டும்.

"வேற யாரு துடைக்கிறாங்க இதை?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல."

"பொய் சொல்லாதே. உன் கை இல்ல இது."

"நைனா, கீறலை எடுக்கத்தானே உன்னைக் கூப்ட்டேன்? எடு. ஆராய்ச்சி பண்ணாதே."

அன்று மாலை வக்கீல் வந்தார். நாற்காலி போடச் சொல்லி வண்டிக்கு எதிரே உட்கார்ந்தார். உன்னை நிற்கவைத்து, "உண்மையைச் சொல்லிட்டா விட்டுடறேன். மறைச்சேன்னு தெரிஞ்சா அப்பறம் என்கிட்ட பேச்சே கிடையாது. எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

நீ கையைக் கட்டிக்கொண்டு சொன்னாய்: "என் துணில மண்ணு இருந்திருக்கும் எஜமான். பாக்காம துடைச்சிட்டேன். தப்பு என்னுது."

"பாத்தியா, இவ்வளவுதான். இதை நேத்தே சொல்றதுக்கென்ன?" அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒப்புதல் வாக்குமூலம் கிடைத்த சந்தோஷம். "சரி, போ. இன்னொரு தரம் ஆகப்படாது."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே போனதும் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "எதுக்குடா செய்யாததை ஒத்துக்கினே?" நீ சட்டையைச் சரி செய்துகொண்டு, "வேலை தங்குச்சா போச்சா? தங்குச்சு. அவ்ளோதான்" என்றாய்.

மறுநாள் முழுவதும் தேய்த்தேன். புளியங்கொட்டை அளவு காம்பவுண்டுப் பசை, ஈரமான மல் துணி மடிப்பு, ஒரு நேரத்தில் இரண்டு சாண் இடம். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. நேராக, நீளவாக்கில், கை எடையை மட்டும் வைத்து. கீறல் என்பது ஒரு பள்ளம். அதை எடுப்பதென்றால் சுற்றியுள்ள நல்ல பெயின்ட்டைப் பள்ளத்தின் அடிவரைக்கும் இறக்க வேண்டும். வேறு வழி கிடையாது. வெள்ளையில் இன்னொரு தொல்லை, துணியில் வருவது காம்பவுண்டா பெயின்ட்டா என்று தெரியாது, இரண்டும் வெள்ளை. விளிம்புகளில் பெயின்ட் மெலிசு. ஓர் இழுப்பு கூடுதலாகப் போனால் அடியிலிருக்கும் சாம்பல் நிறப் பூச்சு எட்டிப் பார்க்கும். பிறகு அந்தக் கதவையே புதிதாக அடிக்க வேண்டும். நீ வாளியோடு பக்கத்திலேயே நின்று, நான் துடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் விட்டுக் குனிந்து பார்த்தாய். "போச்சு நைனா. போயே போச்சு" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாய். கல்யாண வீட்டில் இலை போடுகிறவனுக்கு இருக்கும் குஷி உனக்கு.

வெள்ளிக்கிழமை நான் வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டேன். நீ வெளி கேட்டில் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாய். "உள்ள போகாதே, கொஞ்சம் நில்லு" என்றாய். நான் நிற்கவில்லை.

வக்கீலின் மனைவி ஈரப் புடவையோடு வண்டியின் பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு கையில் செம்பு. இன்னொரு கையில் ஈரத் துணி. துணியில் விபூதியைத் தொட்டு, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு, நான் நேற்றுத் தேய்த்து முடித்த கதவின் மேல் வலமாக, வட்ட வட்டமாகத் தேய்த்தார். கைப்பிடியைச் சுற்றி. பானெட்டின் மேல், நீ கை ஊன்றுகிற இடத்தில். அந்த அம்மாளுக்கு அந்த இடங்கள் அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தன. தேய்த்து முடித்துத் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே போனார். வெள்ளிக்கிழமை கோவிலுக்கு அந்த வண்டியில் போக வேண்டும். உன் கை பட்ட வண்டியில் அப்படியே ஏறினால் மடி ஆசாரம் கெட்டுவிடும்.

கதவோரத்து ரப்பரில் சிக்கியிருந்த விபூதியை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தேன். நறநறவென்றது. உமிச் சாம்பல் கலந்த மலிவு விபூதி. என் காம்பவுண்டே அதைவிடச் சாது.

நீ கேட்டிலிருந்து வந்தாய். "பாத்துட்டியா?" என்றாய்.

"உனக்குத் தெரியுமா?"

"மூணு மாசமா தெரியும். அந்த நேரத்துல நான் கேட்டாண்ட திரும்பி நிக்கணும். ஆனா காதுல கேக்குமே, நற நறன்னு."

"அப்ப உன் எஜமான் கிட்ட ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? என் கையைக் கழுவத்தான் அம்மா சாம்பல் போடுறாங்க, அது வண்டியைக் கிழிக்குதுன்னா? நீ சொல்லுவே நைனா. உனக்கு முதலாளி வேற."

உன்னிடம் ஒரு யோசனை இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அந்த இடங்களில் மட்டும் மெழுகைக் கனமாகப் போட்டுவிடுவது. சாம்பல் மெழுகின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமை கோவிலிலிருந்து வண்டி திரும்பியதும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது. "யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அம்மாவுக்கு மடி இருக்கும், எஜமானுக்கு வண்டி இருக்கும், எனக்கு ரூம்பு இருக்கும்" என்றாய். அந்த அம்மாள் கெட்டவள் இல்லை என்றும் சொன்னாய். உன் மனைவிக்குச் சுரம் வந்தபோது மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாளாம். கிண்ணத்தைத் திருப்பித் தர வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாளாம். நீ அதை அன்பளிப்பு போலச் சொன்னாய். நான் அந்தக் கிண்ணத்தையே நினைத்துக்கொண்டு கதவை மறுபடி தேய்த்தேன். ஆத்திரத்தில் கை அழுத்திவிடுமோ என்று பயந்து இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, கதவுக் கைப்பிடிக்குக் கீழே ஓர் உள்ளங்கை அளவு இடத்தைத் தேய்க்காமல் விட்டேன். நீ அதைக் கவனிக்கவில்லை. ஒரு வேளை கவனித்து, மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய்.

சனிக்கிழமை நான்கு மணி. வண்டி வாசலில் நின்றது. வக்கீல் வந்தார். அன்று சிலந்தி என்று கேலி செய்த அந்த வக்கீலும் வந்திருந்தார், பார்த்துவிட்டுப் போகலாம் என்று. இருவரும் குனிந்து பார்த்தார்கள். "பலே, சிலந்தி காலி பண்ணிண்டு போயிடுத்து" என்றார் நண்பர். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அத்தோடு நான் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

"ஓரிடம் பாக்கி வெச்சிருக்கேங்க" என்றேன்.

கைப்பிடிக்குக் கீழே காட்டினேன். பிறகு அதற்குப் பக்கத்தில் பளபளத்துக்கொண்டிருந்த இடத்தில், ரப்பரிலிருந்து எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்திருந்த விபூதியை ஈரத் துணியில் தொட்டு இரண்டு சுற்றுத் தேய்த்தேன். துடைத்தேன். "இப்பப் பாருங்க."

புதுச் சுழிகளும் பழைய சுழிகளும் அண்ணன் தம்பி போலப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

வக்கீலுக்குச் சுவாரசியம் வந்துவிட்டது. குறுக்கு விசாரணை செய்தார். துணி யாருடையது? தண்ணீர் எங்கிருந்து எடுத்தாய்? காகிதத்தில் வேறு ஏதாவது கலந்ததா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். எனக்கும் உற்சாகம் ஏறிக்கொண்டே வந்தது. நீ வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். உன் முகத்தை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

"அவன் துணி இல்லீங்க இது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அம்மா போடுற விபூதி. அவன் கை பட்ட இடமாப் பாத்துத் தேச்சிருக்காங்க. அவன் கை வண்டியைக் கெடுக்கல. உங்க மடிதான் கெடுத்துச்சு."

நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். உன் எஜமானும் சிரித்தார். "கேஸ் முடிஞ்சுது! இனிமே வண்டிக்கு விபூதி கிடையாதுன்னு ஆத்துல ஆர்டர் போட்டுடறேன்" என்றார். வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

நான் லஸ்ஸிலிருந்து மாம்பலத்தில் என் வீடு வரைக்கும் நடந்தே போனேன். காற்றில் நடப்பது போல இருந்தது. ஒரு மைலாப்பூர் வீட்டை அதன் வாசலிலேயே வைத்து ஜெயித்துவிட்டேன் அல்லவா?

பத்து நாள் கழித்து நீ பட்டறைக்கு வந்தாய். அறையைக் காலி செய்துவிட்டு வந்திருந்தாய். நடந்ததை உன் மனைவி பங்களாவின் சமையலறைச் சன்னலுக்குக் கீழே தன் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் அழவில்லை, சண்டை போடவில்லை. "வண்டிக்கு விபூதி ஆகாதுன்னா போடலை. ஆனா அப்படியே நான் எப்படி அதுல ஏறுவேன்? கையை மாத்திடுங்கோ" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். கும்பகோணத்திலிருந்து அவர்களுடைய உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து டிரைவராகச் சேர்ந்துவிட்டான். அவன் கை சுத்தமான கை.

நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். "நீ சொன்னது நெசம்தான் நைனா. அதான் வம்பு" என்றாய். அதோடு சரி. பிறகு மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாய். "எஜமான் லெட்டர் குடுத்துக்கிறாரு. இங்கிலீஷு. இத்தைக் காட்டுனா வேற பங்களால வேலை கெடைக்கும்னாரு. படிச்சுச் சொல்லு."

உன்னோடு அடையாற்றுப் பாலம் வரை நடந்து போய், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அதைப் படித்தேன். மனத்துக்குள் ஒரு முறை. இன்னொரு முறை. நீ என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு வாய்விட்டுத் தமிழில் சொன்னேன்: "இவர் என்னிடம் மூன்று வருஷம் டிரைவராக இருந்தார். நன்றாக ஓட்டுவார். குடிப்பழக்கம் இல்லை. நாணயமானவர். இவரை வைத்துக்கொள்கிறவர்கள் வருத்தப்பட மாட்டார்கள்."

"நாணயமானவருன்னே போட்டுக்கீதா?" என்று கேட்டாய்.

"போட்டிருக்கு" என்றேன்.

நீ அந்தக் காகிதத்தை வாங்கி, தலைகீழாக வைத்துப் பார்த்து, மடித்து, தகர டப்பாவில் வைத்துக்கொண்டாய். அடையாற்றில் ஏழெட்டுப் பங்களாக்கள், தியாகராய நகரில் புதிதாய் வந்த வீடுகள், மைலாப்பூரில் கச்சேரி ரோடு வரைக்கும் ஒவ்வொரு வாசலாய்ப் போய் அதைக் காட்டினாய். எல்லோரும் வாங்கிப் படித்தார்கள். படித்துவிட்டு உன்னை ஒரு பார்வை பார்த்தார்கள். "இப்ப ஆள் வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். "இவ்ளோ நல்ல லெட்டரு, ஏன் நைனா யாரும் எடுத்துக்க மாட்டேன்றான்?" என்று நீ என்னிடம் கேட்டாய். அதை எரித்துவிடு, கடிதம் இல்லாமலே போய்க் கேள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாயே என்று சொல்லவில்லை. நாள் தள்ளத் தள்ள அது இன்னும் கஷ்டமாயிற்று. வாசலில் எல்லோர் முன்னாலும் உண்மை பேசியவனுக்கு, பாலத்தில் உன் ஒருவன் முன்னால் வாய் வரவில்லை.

ஐந்து மாதம் பார்த்துவிட்டு நீ கட்டுமரம் ஏறினாய். மூன்று வருஷம். ஒவ்வொரு விடியற்காலையும் மரத்தைத் தள்ளுவதற்கு முன்னால் மணலில் ஒதுங்கி வாந்தி எடுத்துவிட்டுத்தான் போவாய் என்று உன் மனைவி சொன்னாள். குப்பத்தில் அதற்கும் கேலி. நீ சிரித்திருப்பாய். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது, ஒன்பது நாள். நான் எட்டாம் நாள்தான் கேள்விப்பட்டேன். வந்தபோது உனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு உன் மனைவி அந்தத் தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். "அண்ணே, எஜமான் அவரைப் பத்தி இன்னா எழுதினாருன்னு இன்னொரு தபா படிங்க. நான் ஒரு வாட்டி கூட முழுசாக் கேக்கல." படித்தேன். பாலத்தில் சொன்ன அதே சொற்கள், ஒன்று கூடாமல் குறையாமல். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளிடம் உண்மையைச் சொல்லப் போவதில்லை. அதை நான் வைத்துக்கொண்டுதான் திரிய வேண்டும்.

உன்னிடம் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷில் ஏழே வரி; எனக்கு மனப்பாடம்.

"இவன் என்னிடம் மூன்று வருஷம் டிரைவராக இருந்தான். நன்றாக ஓட்டுவான். குடிப்பழக்கம் இல்லை. ஆனால் உண்மை பேசுகிறவன் அல்ல. என் காருக்கு ஏற்பட்ட சேதம் ஒன்றைப் பற்றி நான் விசாரித்தபோது என்னிடம் பொய் வாக்குமூலம் கொடுத்தான். இவனை வைத்துக்கொள்கிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்."

அதில் இருந்தது இவ்வளவுதான். நாணயமானவர் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. அதை நான்தான் போட்டேன். அன்றைக்கு நான் உன்னிடம் சொன்ன பொய்யில் அது ஒன்றுதான் பொய் இல்லை.